செயற்றிட்டக் கருவிகளுள் எதனைத் தேர்வது?

விழா எடுத்தற்கும் கட்டடம் எழுப்புதற்கும் மலர் வெளியிடுதற்கும் குழு அமைத்துக் கருமமாற்றுதல் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கமாகும். குழுவிற்குத் தலைவர் உளர், செயலாளர் உளர், பொருளாளர் உளர், கூட்ட அறிக்கைப் புத்தகமும் உண்டு. இக்காலத்தில் இவற்றோடு இன்னுமொன்று வந்து சேர்ந்திருக்கின்றது. முதற் கூட்டத்திலேயே, "வேலைகளை எந்த மென்பொருளில் நடத்துவது?" என்னும் வினா எழுந்துவிடுகின்றது. கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரியும் இளைஞர் ஜிராவை முன்மொழிவர். இலண்டனிலிருந்து திரையில் தோன்றும் அன்பர், தமது அலுவலகத்தில் ஆசனா நன்கு பயன்படுகின்றது என்பர். பொறியியலாளர் ஒருவர் இருப்பாராயின், மைக்ரோசொப்ட் புரொஜெக்ற் இன்றி ஒரு கல்லும் நகராது என்பர். மூத்தோர், "வட்ஸ்அப் இருக்கிறதே, அது போதாதா?" என்று வினவுவர். ஒன்றைத் துணிவதற்குள் மாலைப்பொழுது கழிந்து, தேநீரும் வடையும் தீர்ந்துவிடும்.

இதனைச் சிறு விடயமென்று தள்ளிவிடுதல் ஆகாது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தம் உழைப்பின் ஒரு பகுதியைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். அப்பணம் எவ்வேலைக்குச் சென்றது, அவ்வேலை எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றை அறிய அவர்க்கு உரிமையுண்டு. இங்கு நின்று உழைப்போரிடையிலோ வேறொரு துன்பம் காணப்படுகின்றது. பத்துப் பேர் மனமுவந்து ஏற்ற சுமை ஈற்றில் இரண்டொருவர் தலையில் வந்து இறங்குகின்றது. அவர்களும் சோர்ந்து, மறு ஆண்டு குழுவின் பக்கமே வாராதொழிகின்றனர். பொருத்தமான கருவி இவ்விரு குறைகளையும் ஓரளவு தணிக்கும். பொருந்தாத கருவி இரண்டையும் பெருக்கும். ஆதலின், எக்கருவி என்பதை அலுவலகப் பழக்கத்தாலோ பெயரின் பெருமையாலோ தீர்மானித்தல் தகாது என்பது என் கருத்து.

எது சிறந்தது என்று பொதுப்படக் கேட்டால் விடையில்லை. எவ்வேலைக்கு, எவர் கையில் என்னும் இரண்டையுஞ் சேர்த்துக் கேட்டாலே விடை பிறக்கும். இக்கருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலின் தேவையிற் பிறந்தவை. பிறந்த வீட்டுக் குணத்தை அவை புகுந்த வீட்டுக்குங் கொண்டுவருகின்றன.

நாட்களைக் குறுக்கே நிரைப்படுத்தி, வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொரு வேலைக்குஞ் செல்லுங் காலத்தைப் பட்டையாக வரையும் அட்டவணையை அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி காண்ட் 1910களிற் பரப்பினார். அதனையொத்த வரைபடமொன்றைப் போலந்து நாட்டவரான கரோல் ஆடமியெக்கி 1896இலேயே வகுத்திருந்தார். எனினும் பெயர் காண்ட்டுக்கே நிலைத்துவிட்டது. பின்னர் 1957 அளவில் டூபொன்ட் இரசாயன நிறுவனத்தார், எந்த வேலை பிந்தினால் முழுத் திட்டமும் பிந்தும் என்று கணித்தறியும் முறையை ஆக்கினர். 1958இல் அமெரிக்கக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தின்பொருட்டு அதற்கு நெருங்கிய மற்றொரு முறையைக் கண்டனர். 1984இல் முதன்முதல் வெளிவந்த மைக்ரோசொப்ட் புரொஜெக்ற் இம்மரபின் வழித்தோன்றலாகும். அத்திவாரம் இறுகாமற் சுவர் எழாது, சுவர் எழாமற் கூரை ஏறாது என்னும் வகையான வேலைகளுக்கு இம்மரபு இன்றும் உறுதுணையானது.

ட்ரெல்லோவின் பிறப்பு வேறு. யப்பானிய மொழியிற் கன்பன் என்பது அறிவிப்புப் பலகையைக் குறிக்குஞ் சொல். டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்பார், அடுத்த பகுதியார் கேட்டாலன்றி முந்திய பகுதியார் உறுப்புகளைச் செய்து குவித்தலாகாது என்பதற்காக, அட்டைகளைக் கைமாற்றும் ஒழுங்கை 1950களில் நிலைபெறச் செய்தார். 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ அந்த அட்டையையும் பலகையையும் திரைக்குக் கொண்டுவந்தது. செய்யவேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என மூன்று நிரல்கள். வேலை நகர நகர அட்டையும் நகரும். பார்த்த அளவிலே விளங்குதல் அதன் சிறப்பு.

ஜிராவோ, அவுஸ்திரேலியாவின் அற்லாசியன் நிறுவனத்தார் 2002இல் மென்பொருள் வழுக்களைப் பதிவதற்கென ஆக்கியது. எவர் கண்ட வழு, எவரிடம் ஒப்படைக்கப்பட்டது, திருத்தப்பட்டதா, திருத்தம் சோதிக்கப்பட்டதா என ஒவ்வொரு படியும் அதிற் பதிவாகும். கோட்சிலா என்னும் திரைப்பட அரக்கனின் யப்பானியப் பெயர் கோஜிரா. அப்பெயரின் பிற்பகுதியே ஜிரா. ஆசனாவின் பெயரோ யோகாசனத்தின் ஆசனமே. முகநூலைத் தோற்றுவித்தோருள் ஒருவரான டஸ்ரின் மொஸ்கோவிட்ஸும் அவரோடு பணியாற்றிய ஜஸ்ரின் ரோசன்ஸ்ரைனும் 2008இல் அந்நிறுவனத்தைத் தொடங்கினர். அரக்கன் பெயரை ஒன்றும் யோகப் பெயரை மற்றொன்றும் பூண்டுள்ளமை ஒருபுறமிருக்க, இரண்டின் இயல்பும் ஏறத்தாழ அப்பெயர்களுக்கு இணங்கவே இருப்பதைப் பயன்படுத்தியவர் அறிவர்.

மென்பொருள் ஆக்குங் குழுவுக்கு ஜிரா நன்றே. வழுக்கள் நாள் குறித்து வருவனவல்ல, எண்ணிக்கையோ பெரிது, ஒவ்வொன்றும் பலர் கை மாறுவது. ஆனால், அதே ஜிராவை விழாக் குழுவிற் கொண்டுவந்து நிறுத்தி, வர்த்தகரிடம் விளம்பரஞ் சேர்க்கச் சென்ற பெரியவரை நோக்கி, "உங்கள் இஷ்யூவைத் திறந்து அடுத்த ஸ்பிரின்றில் இடுங்கள்" என்றால், அவர் வைத்தியரை நாடிச் செல்வார். விழாவின் இயல்பு யாது? நாள் முன்னரே குறிக்கப்பட்டது, அது பிந்தாது. அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும். மண்டபம், அழைப்பிதழ், உணவு, ஒலியமைப்பு ஆகியன பெரும்பாலும் ஒன்றையொன்று சாராமல் நடப்பவை. ஆதலின் பலகையும் அட்டையும் போதும். மலர் மட்டும் அவ்வாறன்று. கட்டுரை வந்தாலன்றி எழுத்துக்கோப்பு இல்லை. எழுத்துக்கோப்பு முடிந்தாலன்றிப் படி திருத்தல் இல்லை. படி திருந்தினாலன்றி அச்சு இல்லை. ஒரு கட்டுரையாசிரியர் பதினைந்து நாள் தாமதித்தால் மலர் முழுவதும் பதினைந்து நாள் தாமதிக்கும். காண்ட் அட்டவணைக்கு இடமிருப்பது இங்கேதான். அதற்கும் தாளில் ஒரு பக்கம் போதுமானது.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என்று வினவுவோர் இருப்பர். எந்த மென்பொருளாயினும் அதனுள் நாம் இடுவது வாக்கியமே. நம்மவர் ஆக்கும் பலகைகளில் "மண்டபம்" என்று ஓர் அட்டையும் "அழைப்பிதழ்" என்று மற்றோர் அட்டையும் காணப்படும். இவை பெயர்ச்சொற்களேயன்றி வேலைகளல்ல. மண்டபத்தை என்ன செய்வது? பார்வையிடுவதா, முற்பணங் கட்டுவதா, அலங்கரிப்பதா? வினை இல்லாத இடத்தில் வேலையும் இல்லை. வினையை இட்ட பின்னரும் எழுவாய் தேவை. தமிழில் எழுவாய் தோன்றாது நிற்றல் செய்யுளுக்கும் உரையாடலுக்கும் அழகு. வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிக்கொடுக்கும். ஆனால், "மண்டபத்துக்கு முற்பணம் செலுத்தப்படும்" என்னும் வாக்கியத்தில் விகுதி பணத்தையே காட்டுகின்றது, செலுத்துபவரைக் காட்டவில்லை. இந்தச் செயப்பாட்டுவினை நமது கூட்ட அறிக்கைகளின் செல்லப்பிள்ளையாகும். ஒழுங்குசெய்யப்படும், கவனிக்கப்படும், ஆவன செய்யப்படும் என்று எழுதிக் கையொப்பமிட்டு எழுந்து செல்கின்றோம். எவரால் என்பது எழுதப்படாமையால், எவரும் செய்யாதிருந்தாலும் எவர்மீதும் குற்றமில்லை.

கருவிகளை ஒப்பிடுதற்கு இதனினும் நல்ல உரைகல்லை யான் அறியேன். ஆசனாவில் ஒரு வேலைக்குப் பொறுப்பாளராக ஒருவர் பெயரையே இடலாம். இரண்டாமவருக்கு அங்கே இடமில்லை. ஜிராவிலும் பொறுப்பாளர் ஒருவரே. ட்ரெல்லோவிலோ ஓர் அட்டையிற் பலர் பெயரையுஞ் சேர்க்கலாம். இந்த வசதி நம்மவரிடையே தீமையாகவே முடிகின்றது. ஒருவர் பெயரை மட்டும் இட்டால் மற்றவருக்கு மனத்தாங்கல் வரும் என்று அஞ்சி நால்வர் பெயரையும் இடுகின்றோம். நால்வரும் மற்ற மூவர் செய்வர் என்றிருப்பர். கௌரவத்தின்பொருட்டுப் பெயர் இடுதற்கு அழைப்பிதழ் உண்டு. வேலை அட்டை அதற்கு உரிய இடமன்று. உரியவரைத் தெரிந்து அவரிடம் கருமத்தை ஒப்படைத்தலைப் பற்றித் திருவள்ளுவர் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ட்ரெல்லோவைத் தெரிவு செய்யும் குழு, ஓர் அட்டைக்கு ஒரு பெயரே என்னும் விதியைத் தானே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். துணை நிற்போர் பெயரை அட்டையின் உள்ளே எழுதலாம்.

நாளும் இவ்வாறே. "வருகிற வெள்ளி" என்று எழுதினால், வாசிக்கும் நாளைப் பொறுத்து வெள்ளியும் மாறும். நமது நேரத்துக்கும் இலண்டன் நேரத்துக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், ரொறன்ரோ நேரத்துக்குப் பத்தரை மணியும் இடைவெளி உண்டு. நாம் வெள்ளி காலை கண்விழிக்கும்போது அங்கு வியாழன் மாலை. திகதியை எண்ணாற் குறித்து, எந்நாட்டு நேரம் என்பதையும் ஒருமுறை தீர்மானித்துவிட்டாற் பாதிப் பிணக்குத் தீரும்.

வட்ஸ்அப் பற்றியும் ஒருசொல். அதனை இகழ்தல் என் நோக்கமன்று. எல்லோர் கையிலும் இருப்பதும், தமிழில் எழுதவும் குரலிற் பேசவும் இடந்தருவதும் அதுவே. அவசரச் செய்திக்கு அதற்கு நிகரில்லை. ஆயினும் அது பேச்சு; பதிவேடன்று. திங்கட்கிழமை எடுத்த தீர்மானம், புதன்கிழமை ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்துகளின் கீழும், வியாழக்கிழமை மற்றொருவர் அனுப்பும் ஆலயத் திருவிழாப் படங்களின் கீழும் அமிழ்ந்துபோகும். இரண்டு மாதங் கழித்து, "ஒலிபெருக்கிக்கு எவ்வளவு என்று பேசினோம்?" என்று தேடத் தொடங்கினால், தேடுபவர் முதற்கண் பொறுமையை இழப்பார். வட்ஸ்அப்பில் எடுக்குந் தீர்மானத்தை அன்றே பலகையில் ஏற்றுதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால், பேச்சும் நடக்கும், பதிவும் நிற்கும்.

இனி, எவர் கையில் என்னும் வினாவிற்கு வருவோம். குழுவில் மிகத் தேர்ந்தவருக்கு எது ஏற்றது என்று பார்த்துத் தெரிவு செய்வதே பொதுவான வழக்கம். முன்மொழிபவர் அவரேயாதலின் அவ்வாறு நிகழ்கின்றது. யான் வேண்டுவது இதற்கு மறுதலை. பழைய கைத்தொலைபேசி வைத்திருப்பவர், தரவுக்குக் காசு எண்ணிப் போடுபவர், ஆங்கிலச் சொற்கள் நிறைந்த திரையைக் கண்டு தயங்குபவர் ஆகியோருள் ஒருவரை முன்னிறுத்தியே கருவியைச் சோதித்தல் வேண்டும். அவரே ஊரிலுள்ள வர்த்தகரையும் அச்சகத்தாரையும் அறிந்தவராயிருப்பார். அவர் திறவாத பலகையில் மற்றெல்லோரும் நாள்தோறும் எழுதினாலும், விழாவின் உண்மை நிலை அதில் இராது.

எழுத்துரு பற்றிய இடரொன்று இங்கு உண்டு. அதனை வெளிநாட்டார் எழுதும் ஒப்பீடுகளிற் காணமுடியாது. நமது அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செய்தது. இன்றும் முற்றாக அகலவில்லை. பாமினியில் தட்டெழுதிய பந்தியைப் பிரதிசெய்து ட்ரெல்லோவிலோ ஆசனாவிலோ ஒட்டினால், அங்கே தோன்றுவது தமிழன்று. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவையே. தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்துக்குரிய இலக்கத்தில் ஏற்றிவைத்த முறையாதலின் அவ்வாறாகின்றது. ஒருங்குறியில் எழுதியது எங்கும் தமிழாகவே நிற்கும், தேடினாலும் அகப்படும். எக்கருவியைத் தெரிவு செய்தாலும், மலர்க் குழுவினர் ஒருங்குறியில் எழுதுவதென முதல் நாளே உடன்பட்டாலன்றிப் பயன் குறைவு.

விலையைப் பற்றி நீள எழுதவேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகளின் கட்டணம் ஆளொன்றுக்கு மாதமொன்றுக்கு இத்தனை டொலர் எனக் கணிக்கப்படுவது. குழு பெருகினாற் செலவும் பெருகும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்திலோம். இலவசம் என்பதும் நிலையானதன்று. ட்ரெல்லோ 2024இல் இலவசப் பணியிடமொன்றிற் பத்துப் பேர் மட்டுமே இணைந்து வேலை செய்யலாம் என வரையறுத்தது; அதற்கு முன் இருபது முப்பது பேரைச் சேர்த்து வைத்திருந்த சங்கங்கள் ஒன்றில் ஆளைக் குறைக்கவோ பணங் கட்டவோ நேர்ந்தது.

இதனினும் பெரிது பதிவேட்டின் உரிமை. நூறாண்டுக்கு முந்திய கூட்ட அறிக்கைப் புத்தகம் அலுமாரியில் இருந்தால், கறையான் அரித்தது போக எஞ்சியதையாவது நாம் வாசிக்கலாம். பிறர் கணினியிலுள்ள பலகைக்கு அவ்வுறுதி இல்லை. பேர்லினிற் பிறந்து பலரும் விரும்பிய வுண்டர்லிஸ்ற் என்னுங் கருவியை 2015இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. 2020 மே 6ஆம் நாள் அது மூடப்பட்டது. 2022 ஏப்ரலில் அற்லாசியன் நிறுவனத்தாரின் பராமரிப்பு வேலையொன்று தவறி, 775 வாடிக்கையாளரின் தளங்கள் அழிந்தன. சிலர் இரண்டு வாரம் வரை தம் ஏடுகளைக் காணாதிருந்தனர். பெருநிறுவனத்துக்கே இவ்வாறு நேருமாயின், நாம் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. ஆசனாவும் ஜிராவும் விரிதாளிற் திறக்கத்தக்க வடிவில் வேலைப் பட்டியலைத் தரும். ட்ரெல்லோவின் இலவச வகை தருவது ஜேசன் என்னும் வடிவம். அதைக் கணினி வல்லார் வாசிப்பர், செயலாளர் வாசியார். கூகிள் விரிதாள் இவ்வகையில் எல்லாவற்றினும் எளிது. மேலும், கணக்கைத் திறப்பவர் தம் சொந்த மின்னஞ்சலிலே திறப்பது பெரும் வழக்கமாயுள்ளது. அவர் குழுவைவிட்டு விலகினாலோ வேறு நாடு சென்றாலோ, சங்கத்தின் ஏடும் அவரோடு சென்றுவிடும். சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை இரு பதவியாளரிடம் ஒப்படைத்தல் கருவித் தெரிவுக்கும் முந்திய வேலை.

"கடினமான கருவியே ஒழுங்கைக் கற்பிக்கும், இளையோர்க்கு அது பயிற்சியுமாகும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இதில் உண்மை இல்லாமலில்லை. நாளை மென்பொருள் துறையிற் புகவிருக்கும் மாணவர், ரோபோ கழகத்திலோ கணினிக் கழகத்திலோ ஜிராவைப் பழகிக்கொள்வாராயின் மகிழ்ச்சியே. ஆனால் விழாக் குழு பயிற்சிக் கூடமன்று. அங்கே பிறர் பணமும் குறித்த நாளும் பிணையாக நிற்கின்றன. மறுபுறம், புத்தகமும் பேனாவும் போதும் என்னும் மூத்தோரின் கூற்றையும் முற்றாக ஏற்றல் இயலாது. புத்தகம் செயலாளர் வீட்டில் இருக்கும். ரொறன்ரோவிலிருப்பவர் அதனைப் புரட்டமுடியாது. ஐந்து பேர் ஒரே ஊரில் இருந்து, வாரந்தோறும் முகம் பார்த்துப் பேசுவாராயின், அவர்க்குப் புத்தகமே போதும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்வேன்.

என் தெரிவைக் கேட்பின் இது. பத்துப் பேருக்குட்பட்ட விழாக் குழு ட்ரெல்லோவை எடுக்கட்டும். ஓர் அட்டைக்கு ஒரு பெயரும் ஒரு திகதியும் என்னும் விதியோடு எடுக்கட்டும். பணக்கணக்கை அதிற் கலவாது கூகிள் விரிதாளில் வைத்து, அனுப்பியவர் எவரும் பார்க்க இடமளிக்கட்டும். பல ஊர்களில் கிளைகள் இருந்து, ஆண்டு முழுவதும் வேலை நடக்குமாயின் ஆசனாவின் கட்டணத்தைச் செலுத்துதல் வீண்செலவன்று. கட்டட வேலைக்கு ஒப்பந்தகாரரிடமிருந்தே காண்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கலாம். அதனைச் சங்கத்தார் தாமே வரைய முயல்வது வீண் உழைப்பு. மாத இறுதியிற் பலகையைத் தாளில் அச்சிட்டுக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டிவைத்தால், 2022 மார்ச் இறுதியிற் போல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாதொழிந்தாலும் செயலாளர் கையில் ஏதேனும் இருக்கும்.

தெரிவு செய்த கருவியை உடனே முழு வேலைக்கும் பூட்டாமல், மலருக்கு விளம்பரஞ் சேர்த்தல் போன்ற ஒரு சிறு வேலையை மட்டும் பதினைந்து நாள் அதில் நடத்திப் பார்க்கலாம். பதினாறாம் நாள், பலகையை ஒருமுறையேனும் திறவாதவர் எவர் என்று பார்த்து, அவரைக் குறைகூறாது, எது தடுத்தது என்று வீடு சென்று கேட்டறிய வேண்டும். தொலைபேசியா, எழுத்துருவா, ஆங்கிலமா, அன்றித் தம்மை எவரும் கேளாமலே பெயரை இட்டனர் என்னும் மனக்குறையா என்பது அவர் வாயாலேயே தெரியவரும். மற்றைய வேலைகளை ஏற்றுவது அதன் பின்னராகட்டும்.